எட்டாவது இஞ்சின்

ஒசூர்
9-6-1968

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி முனிவேல் வணக்கத்துடன் எழுதுவது.

நான் இங்கே சுகம். நீங்களும் செவலையும் மயிலையும் சுகமா? செவலையின் குளம்பில் முள் ஏறியிருந்ததே, ஆறிவிட்டதா? வேப்பெண்ணெய் காய்ச்சி விட்டீர்களா?

வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் என்பதால் ஸ்டோரில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்து வந்தேன். அப்படி இல்லை. ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசி ஆயில் இஞ்சின் விற்க வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் எட்டு இஞ்சின் விற்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

போன வாரம் பேரிகைக்கு அனுப்பினார்கள். தோட்டத்தில் ஒரு பெரியவர் தெலுங்கில் ஏதோ கேட்டார். விழித்தேன். பிறகு அவரே தமிழில், "இன்னா விசயமா வந்தீங்க?" என்று கேட்டார். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் வந்த பிள்ளை என்று மோர் கொடுத்தார். குடித்தேன், கும்பிட்டேன், திரும்பி வந்துவிட்டேன். எங்கள் மேனேஜர் மைக்கேல்ராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "மோர் குடிக்கவா உனக்குக் கம்பெனி பஸ் சார்ஜ் குடுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள்.

மர டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஊரில் எனக்குத் தமிழே வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு நாளைக்கு நான் பேசுவது "ஒரு டீ" என்கிற இரண்டு வார்த்தைதான். இப்போது அதுவும் இல்லை, டீக்கடை சாந்தம்மா என் தலையைக் கண்டதும் ஆற்ற ஆரம்பித்துவிடுகிறார். ஊருக்கே வந்துவிடலாமா என்று தோன்றுகிறது அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
முனிவேல்

&nbsp;

மேட்டுக்கொட்டாய், ஊத்தங்கரை
16-6-1968

தம்பி முனிவேலுக்கு அண்ணன் கோவிந்தப்பன் எழுதியது.

இங்கே நானும் செவலையும் மயிலையும் சுகம். முள் புண் ஆறிவிட்டது. நீ கேட்டதாகச் செவலையிடம் சொன்னேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு வாய் இல்லாமல் போகவில்லை. அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. அன்று முதல் உன்னைத் தூங்க வைத்தவன் நான்தான், நீ எவ்வளவு பேசுவாய் என்று எனக்குத் தெரியும். புது இடம் என்பதால் மிரண்டிருக்கிறாய். புதிதாக வாங்கிய மாடும் நாலு நாள் தண்ணீர் குடிக்காது.

உன் அண்ணி காவேரி தவறிய பிறகு நானும் வாயைத் திறக்காமல்தான் கிடந்தேன். கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கபிலை இறைக்கும்போது மாடுகளோடு பேசிப் பேசித்தான் பேச்சு திரும்ப வந்தது. மயிலை நன்றாகக் கேட்கும். செவலை கேட்கிற மாதிரி காட்டிக்கொள்ளும். நீயும் யாரிடமாவது பேசிப் பழகு. மனிதர்தான் வேண்டும் என்று இல்லை.

கிணற்றில் காலையில் ஒன்றரை ஆள் தண்ணீர் நிற்கிறது. மாட்டு நடைக்கு ஊறுகிற கிணறு நம்முடையது. தோல் சால் மேலே வந்து கவிழ்ந்து, மாடு பின்னாலேயே நடந்து திரும்புவதற்குள் எடுத்த அளவு ஊறிவிடுகிறது. அவசரப்பட்டால் சேறுதான் தரும் என்று அப்பா சொல்வார். நீயும் அவசரப்படாதே. ஊருக்கு வரும் யோசனையை விடு. இங்கே இருக்கிற இரண்டு ஏக்கருக்கு நான் ஒருவன் போதும்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
கோவிந்தப்பன்

&nbsp;

ஒசூர்
18-8-1968

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நான் சுகம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். உடனே பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

இரண்டு இஞ்சின் விற்றுவிட்டேன். மேனேஜர் சனிக்கிழமைதோறும் எங்களுக்குப் பேச்சு வகுப்பு நடத்துகிறார். நீங்கள் சொன்னபடி நானும் பழகினேன். ஷோரூமில் யாரும் இல்லாத நேரத்தில் பச்சை இஞ்சினுக்கு முன்னால் நின்று பேசினேன். அது மயிலையைவிட நன்றாகக் கேட்டது. சாந்தம்மாவிடம் கொஞ்சம் கன்னடமும் கற்றுக்கொண்டேன்.

மேனேஜர் சொல்லும் வழிகள் வேடிக்கையாகத்தான் இருக்கும். போனவுடன் சரக்கைப் பற்றிப் பேசக்கூடாது. வீட்டில் யாருக்கு உடம்பு, எந்த மாடு கன்று போட்டது என்று விசாரித்து, பெயரை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். "இல்லை", "வேண்டாம்" என்று பதில் வரக்கூடிய கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது. வாங்குகிறீர்களா என்று கேட்காமல், எது வேண்டும் என்று கேட்க வேண்டும்.

கெலமங்கலத்தில் சென்னகிருஷ்ணன் என்று ஒருவர். "மாடு இருக்குதுப்பா, இஞ்சின் எதுக்கு?" என்றார். "மாடு பேரு என்னாங்க?" என்று கேட்டேன். ராமன், லட்சுமணன் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உங்க தோட்டத்துக்கு மூணரைக் குதிரை தோதா, அஞ்சு குதிரை தோதாங்க?" என்றேன். யோசித்தார். "அஞ்சே இருக்கட்டும்" என்றார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். அதுவும் ஒரு பாடம்.

இவ்வளவுதான் அண்ணா விஷயம். இதற்கா பயந்தேன் என்று இருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

முனிவேல்

&nbsp;

மேட்டுக்கொட்டாய்
27-10-1968

தம்பி முனிவேலுக்கு அண்ணன் எழுதியது.

இங்கே நானும் செவலையும் மயிலையும் சுகம். நீ சுகமா? இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். கிடைத்திருக்கும்.

தீபாவளிக்கு வருவாய் என்று ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்த்தேன். கிருஷ்ணகிரி பஸ் ஐந்து வந்தது. ஐந்தாவது பஸ் கண்டக்டர், "யாருக்குங்க நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது, வந்துவிட்டேன். இரண்டு பேருக்கு ஆக்கி வைத்திருந்த சோற்றை இரண்டு நாள் சாப்பிட்டேன். நீ அனுப்பிய மணியார்டர் கிடைத்தது. அதன் அடியில் "நலம். வேலை அதிகம்" என்று எழுதியிருந்தாய். நலம் என்று தெரிந்தது போதும்.

ஆவணியில் நீ போட்ட கடிதத்தைத்தான் மறுபடி எடுத்துப் படித்தேன். கெலமங்கலத்துக்காரர் மாடுகளின் பெயரெல்லாம் எழுதியிருக்கிறாய். நம் மாடுகளைக் கேட்க மறந்துவிட்டாய். செவலை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

மழை சரியில்லை. கிணற்றில் ஓர் ஆள் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. மெதுவாக இறைக்கிறேன்.

நேரம் இருக்கும்போது இரண்டு வரி எழுது.

அண்ணன்

&nbsp;

ஒசூர்
24-11-1968

என் உயிருக்குயிரான அண்ணனுக்குத் தம்பியின் பணிவான வணக்கம்.

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கபிலை இறைத்துவிட்டு வந்தால் உங்களுக்கு இடது தோள் வலிக்குமே, இப்போது எப்படி? என் செவலையும் மயிலையும் எப்படி? மயிலைக்கு வயது பன்னிரண்டு ஆகியிருக்குமே. அவற்றுக்கும் இனி ஓய்வு வேண்டாமா அண்ணா?

தீபாவளிக்கு வராதது என் மனசை அரிக்கிறது. ஐந்து பஸ் பார்த்தீர்கள் என்று படித்ததும் என் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஜுரம் வந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஊத்தங்கரை ஆஸ்பத்திரிக்கு நடந்தீர்களே, அது நினைவு வந்தது. நீங்கள் நாலாவது வகுப்போடு நின்றதால்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. நீங்கள் குளிரில் எழுந்து மாடு பூட்டியது போதும்.

ஏழு இஞ்சின் விற்றாகிவிட்டது. இன்னும் ஒன்றுதான். டிசம்பருக்குள் அது முடிந்தால் என் வாழ்க்கை நிலைத்துவிடும். மழை இல்லாததால் யாரும் பிடி கொடுக்கவில்லை. அந்த எட்டாவது இஞ்சின் ஏன் நம் வீட்டிலேயே நிற்கக்கூடாது என்று தோன்றியது. நம் கிணற்று மேட்டில் ஓர் இஞ்சின் நின்று, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்!

மூன்றரைக் குதிரை சக்தி உங்களுக்குத் தோதாக இருக்குமா, ஐந்தா? யோசித்து எழுதுங்கள்.

உங்கள் பாசத்துக்குரிய
முனிவேல்

&nbsp;

மேட்டுக்கொட்டாய்
30-11-1968

தம்பி முனிவேலுக்கு அண்ணன் எழுதியது.

இங்கே நானும் செவலையும் மயிலையும் சுகம். தோள் வலி பரவாயில்லை.

இரண்டு பக்கக் கடிதம் கண்டு ரொம்ப சந்தோஷம். தபால்காரர் இந்தக் கொட்டாய்ப் பக்கம் வந்தே நாளாகிவிட்டது. "தம்பி கடிதமாங்க?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். அவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மூன்று முறை படித்தேன். ஜுரத்தில் தூக்கிப் போனதெல்லாம் உனக்கு நினைவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இஞ்சினைப் பற்றி எழுதியிருந்தாய். நம் கிணறு எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் போடு.

அண்ணன்

&nbsp;

ஒசூர்
4-12-1968

அன்பே உருவான அண்ணனுக்கு வணக்கம்.

நலம். நலமறிய ஆவல். தபால்காரருக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று படித்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தவரை உட்கார வைக்காமல் அனுப்ப உங்களுக்குத் தெரியாதே.

என் பேச்சை நம்பி ஏழு பேர் வாங்கியிருக்கிறார்கள். என் சொந்த அண்ணன் வீட்டில் நான் விற்கும் இஞ்சின் இல்லை என்றால் அது எனக்கே குறையாகத் தெரிகிறது. உங்களுக்கு மூன்றரையே போதும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பச்சை நிறமும் சாம்பல் நிறமும் இருக்கின்றன. உங்களுக்கு எது பிடிக்கும்? வண்டி அந்தப் பக்கம் வியாழக்கிழமையும் திங்கட்கிழமையும் வருகிறது. எந்த நாள் உங்களுக்கு வசதி?

இரண்டு நாளில் மறுபடி எழுதுகிறேன்.

உங்கள் முனிவேல்

&nbsp;

மேட்டுக்கொட்டாய்
11-12-1968

தம்பி முனிவேலுக்கு அண்ணன் எழுதியது.

இங்கே நான் சுகம்.

நாலாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காருவதற்குள் எட்டாம் தேதிக் கடிதமும் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் மூன்று கடிதம். கொட்டாயில் எல்லாரும் கேட்கிறார்கள்.

பச்சையே இருக்கட்டும். திங்கட்கிழமை வரட்டும். தோட்டத்து மல்லாட்டை விற்ற பணம் கொஞ்சம் இருந்தது, மிச்சத்துக்கும் வழி பண்ணிவிட்டேன். நேற்று சந்தைக்குப் போய் வந்தேன். அதைப் பற்றி நீ யோசிக்காதே.

உன் வேலை நிலைக்க வேண்டும். இஞ்சினோடு நீயும் வருவாயா?

அண்ணன்

&nbsp;

ஒசூர்
3-1-1969

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். வேலை நிரந்தரமாகிவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் எனக்கு மாலை போட்டார். ஆறு மாதத்துக்கு முன் மோர் குடித்துவிட்டு வந்தவன் இவன்தான் என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். இனி புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பை நான் எடுக்க வேண்டுமாம்.

இஞ்சினோடு வர முடியவில்லை. மெக்கானிக் எல்லாம் விளக்கியிருப்பார். ஆயில் மாற்ற மறக்க வேண்டாம்.

மற்றவை பிறகு.

முனிவேல்

&nbsp;

மேட்டுக்கொட்டாய்
18-1-1969

தம்பி முனிவேலுக்கு அண்ணன் எழுதியது.

இங்கே நான் சுகம். வேலை நிரந்தரமானது கேட்டு ரொம்ப சந்தோஷம். உனக்கு மாலை போட்டதைக் கொட்டாயில் எல்லாரிடமும் சொன்னேன்.

பொங்கல் நல்லபடி போயிற்று. மறுநாள் மாட்டுப் பொங்கலன்று எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பழக்க தோஷம், விடியும்போதே எழுந்து கொட்டகையைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கொட்டாய் மாட்டுக்குக் கொம்பு சீவிப் பெயிண்ட் அடித்தார்கள், அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இஞ்சின் பச்சையாக நன்றாக இருக்கிறது.

நீ மற்றவை பிறகு என்று எழுதியிருந்தாய். எழுது.

அண்ணன்

&nbsp;

*(கம்பெனி அச்சடித்த தபால் கார்டு. பெயரும் தேதியும் மட்டும் பேனாவில்.)*

ஒசூர்
10-4-1969

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் *கோவிந்தப்பன்* அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என நம்புகிறோம். கீழ்க்கண்ட கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பக் கோருகிறோம்.

1. இஞ்சின் சுலபமாக ஸ்டார்ட் ஆகிறதா?
2. எங்கள் மெக்கானிக் மரியாதையாக நடந்துகொண்டாரா?
3. எங்கள் பிரதிநிதியின் பேச்சும் விளக்கமும் தங்களுக்குத் திருப்தி அளித்தனவா?

தங்கள் உண்மையுள்ள
*சீ. முனிவேல்*
விற்பனைப் பிரதிநிதி

&nbsp;

மேட்டுக்கொட்டாய்
16-4-1969

தம்பி முனிவேலுக்கு அண்ணன் கோவிந்தப்பன் எழுதியது.

இங்கே நான் சுகம். மார்கழிக்குப் பிறகு இப்போதுதான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். பெயர் எழுதும்போது 'கோ'வை முன்னைப் போலவே வளைத்து எழுதுகிறாய்.

கேள்விகளுக்குப் பதில். இஞ்சின் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் நல்ல பிள்ளை, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பிரதிநிதியின் பேச்சு ரொம்பத் திருப்தி.

கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கும் எழுதிவிடுகிறேன். கிணற்றில் தண்ணீர் இல்லை. மாடு காலை முழுக்க இறைக்கிற தண்ணீரை இஞ்சின் கால் மணி நேரத்தில் இழுத்துவிடுகிறது. ஊறுவதற்கு நேரம் கொடுப்பதில்லை. பிறகு சேறு. நாள் முழுக்கக் காத்திருந்தால் மறுபடி கால் மணி நேரம். மாசியிலேயே நிறுத்திவிட்டேன். தக்காளி காய்ந்துவிட்டது. இப்போது பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறேன். வேலை கடினம் இல்லை.

செவலையையும் மயிலையையும் சந்தையில் ஆந்திரா பக்கத்து ஆள் ஒருவர் பிடித்துப் போனார். மயிலை திரும்பிப் பார்த்தது. செவலை பார்க்காத மாதிரி காட்டிக்கொண்டது. அவை போனபிறகு பேச ஆள் இல்லாமல் இருக்கிறது. அதை மட்டும் என்னால் சமாளிக்க முடியவில்லை தம்பி.

உன்மேல் எனக்கு வருத்தம் என்று நினைக்காதே. கிணறு தாங்காது என்று தெரிந்தேதான் பச்சை என்று எழுதினேன். நீ யாருக்கும் 'வேண்டாம்' சொல்ல வழி வைக்க மாட்டாய் என்று நீயே எழுதியிருந்தாய். எனக்கு வழி இருந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் மூன்று கடிதம் வந்தது. வேண்டாம் என்று எழுதினால் கடிதம் நின்றுவிடும் என்று பயந்துவிட்டேன்.

வாங்கின பிறகும் நின்றுவிட்டது.

இதை உன் மேனேஜரிடம் காட்டாதே. வேலைக்கு ஏதாவது வந்துவிடப் போகிறது. அவருக்குக் காட்ட மேலே மூன்று பதில் இருக்கிறது, அந்த இடத்தோடு கிழித்துக்கொள்.

அண்ணன்

&nbsp;

ஒசூர்
20-4-1969

அண்ணாவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

ஐந்து கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் யாருக்கோ இஞ்சின் விற்கிற மாதிரியே வருகிறது. அழகாக வருகிற வரியை எல்லாம் அடித்துக்கொண்டே போனால் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் இது சின்னக் கடிதம்.

கிணறு எனக்குத் தெரியாதது இல்லை. அதில் நீச்சல் பழகியவன் நான். நீங்கள் "உனக்கே தெரியும்" என்று எழுதியபோது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பச்சையா, சாம்பலா என்று கேட்டேன். ஜுரத்தில் என்னைத் தூக்கிப் போனதும் உண்மைதான். அதை அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கக் கூடாது.

நேற்று சனிக்கிழமை வகுப்பு. புதிதாக நான்கு பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். 'வேண்டாம் என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கக்கூடாது' என்று போர்டில் பாதி எழுதினேன். மீதியை எழுத முடியவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு கெலமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். சென்னகிருஷ்ணனிடம், "கிணத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். "விக்கிறப்ப பாக்காத கிணத்த இப்ப இன்னாத்துக்குப்பா பாக்குற?" என்றார். ஆனால் கூட்டிப்போனார். அவர் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இன்னும் ஆறு கிணறு பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் அங்கே வருகிறேன். நாளை காலை முதல் பஸ். லீவு கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். இஞ்சினை அவர்கள் திரும்ப எடுப்பார்களா தெரியாது. மாடுகள் போன ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா தெரியாது. வந்து உங்களிடம் என்ன பேசுவது என்பதும் தெரியாது.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன். இருந்தாலும் தபாலில் போடுகிறேன். தபால்காரர் நம் கொட்டாய்க்கு வர வேண்டும்.

தம்பி